சுமைக்கு எத்தனை கவுளி

வியாபாரம் செய்யப் போகிற பிள்ளைகளுக்குக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்து வயிறு வளர்த்தவன் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பிற்பகுதியில் சேலத்தில் ஒரு கல்லூரியில், இன்டர்மீடியட் வகுப்பின் வணிகப் பிரிவுக்குக் கூட்டுவட்டியும் தள்ளுபடியும் லாகரிதமும் நடத்துகிற தற்காலிக உதவியாசிரியராகச் சேர்ந்தேன். அந்தத் ‘தற்காலிக’ என்ற சொல்லை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று சொன்னால்தான் பின்னால் நான் செய்த காரியம் புரியும். புரிந்தால் மன்னித்துவிடலாம் என்று அர்த்தமில்லை.

என் தகப்பனார் சேலத்தில் குகை என்கிற பேட்டையில் தறி நெய்தவர். எங்கள் தெருவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். திருச்சியில் கணிதத்தில் பி.ஏ. முதல் வகுப்பில் தேறினேன். சென்னைக்குப் போய் ஆனர்ஸ் படிக்க வேண்டும், பகா எண்களைப் பற்றி ஏதாவது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஆசை. ராத்திரியும் பகலும் அதே நினைப்பாக இருந்தேன். அதற்குள் அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. அறுந்த இழை அவருக்குத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு இரண்டு தங்கைகள் இருந்தார்கள். ஆகவே சென்னைக்குப் போகிற ரயிலில் ஏறவேண்டியவன் வணிகப் பிரிவு வகுப்பறைக்குள் நுழைந்தேன். நுழைந்த முதல் நாளே அந்தப் பிள்ளைகளை எனக்குப் பிடிக்கவில்லை.

இருபத்திரண்டு பேர். செவ்வாய்ப்பேட்டை நூல் கடைகள், ராசிபுரம் நெய்க் கடைகள், நாமக்கல் பக்கத்து வெல்ல மண்டிகள், இவற்றின் வாரிசுகள். கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார ஏற்கெனவே இடம் தயாராக இருந்தது. பெயருக்குப் பின்னால் நாலு எழுத்து இருந்தால் பெண் கொடுக்கிற இடம் பெரிய இடமாக அமையும் என்று வந்தவர்களே அதிகம். எதை நடத்தினாலும் ஒரே கேள்வி. “இது எதுக்குங்க சார் ஆகும்?” முடிவில்லாத தொடரின் கூட்டுத்தொகையைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது ஒருவன் எழுந்து, “முடிவே இல்லாம போயிட்டே இருந்தா எப்பங்க சார் கடையச் சாத்தறது?” என்றான். வகுப்பு சிரித்தது. நான் சாக்குக்கட்டியை அவன் மேல் எறிந்தேன். நல்ல கேள்விதான். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது எனக்குச் சிரிக்கத் தெரியாது.

இன்னொன்றும் என்னை வெறியேற்றியது. அரைக்கால், மாகாணி என்று பின்னங்களைச் சிறுவயதிலேயே கடையில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தவர்கள் அவர்கள். நான் பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் பின் பெஞ்சிலிருந்து விடை வந்துவிடும். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். “வழி எங்கே?” என்று கேட்டால் முழிப்பார்கள். வழி எழுதாத விடைக்கு நான் சுழி போட்டேன். விடை கடைக்கு, வழி கணிதத்துக்கு என்று அவர்களுக்கு அடிக்கடி உபதேசம் வேறு செய்தேன்.

இவர்களுக்கு நடுவில் ஒருவர் மட்டும் வேறு மாதிரி இருந்தார். பரமத்தி வேலூர்க்காரர். காவிரிக்கரையில் கொடிக்கால் வைத்து வெற்றிலை விளைவிக்கிற குடும்பம். வயது இருபத்தைந்து, என்னைவிட ஒன்று கூடுதல். கல்யாணமாகி ஒரு குழந்தையும் இருந்தது. பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு ஏழெட்டு வருஷம் தோட்டத்தில் பாடுபட்ட பிறகு மறுபடி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். வலது கட்டைவிரல் நகத்தை இலை கிள்ளுவதற்காக நீளமாக விட்டிருந்தார். பேனா பிடிக்கும்போது அந்த நகம் காகிதத்தில் உரசும் சத்தம் எனக்குக் கேட்கும். வகுப்பில் எல்லோரையும் ‘நீ’ என்று கூப்பிடுவேன், அவரை மட்டும் ‘நீங்கள்’ என்பேன். கணக்கை மெதுவாகப் போடுவார். ஆனால் ஒவ்வொரு படியையும் எழுதுவார்.

இந்த வயதில் எதற்குப் படிக்க வந்தீர்கள் என்று ஒரு நாள் மத்தியானம் வேப்பமரத்தடியில் கேட்டேன். கேட்டது அக்கறையால் அல்ல, வேறு வேலை இல்லாததால்.

“எங்க பக்கம் கொடிக்கா வெச்சிருக்கறவிய எல்லாரும் சேந்து ஒரு விக்கற சங்கம் வெக்கறதா இருக்குதுங்க சார். மண்டிக்குப் போகாம எங்க இலைய நாங்களே எண்ணி அனுப்பறதுக்கு. சங்கத்துக்குச் செயலாளரா இருக்கறவன் வணிகப் படிப்பு இன்டர் பாஸ் பண்ணியிருக்கோணும்னு மேல இருந்து சொல்லிப்போட்டாங்க. கொடிக்காக்காரங்கள்ல பள்ளிக்கூடம் முடிச்சவன் நான் ஒருத்தந்தானுங்க. காலேஜுக்குக் கட்டற சம்பளம், சாப்பாடு எல்லாம் ஊர்ல போடறாங்க.”

“பாஸ் ஆகவில்லை என்றால்?”

“ரெண்டு வருசந்தானுங்க தவண. அதுக்குமேல ஊர்ல போட மாட்டாங்க. போடவும் முடியாதுங்க.” ஒரு வேப்பங்குச்சியைக் கிள்ளிக்கொண்டே, “இந்த எண்ணறதுலதானுங்க சார் எல்லாமே இருக்குது. சுமைக்கு நாலு...” என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். மணி அடித்தது. நான் எழுந்து போய்விட்டேன். அவர் வாயிலிருந்து அந்த வாக்கியம் முழுசாக வந்திருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே எனக்கு வந்திருக்காது.

இரண்டாம் வருஷம் தை மாதம் செலக்‌ஷன் பரீட்சை வந்தது. சர்வகலாசாலைப் பரீட்சைக்கு யாரை அனுப்பலாம், யாரை நிறுத்தலாம் என்று கல்லூரியே வைத்துக்கொள்ளும் பரீட்சை அது. அதில் தவறினால் அந்த வருஷம் போயிற்று. கேள்வித்தாள் தயாரிக்கும் வேலை எனக்கு வந்தது. அதற்கு முன் பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். கல்லூரிக் கமிட்டியில் வியாபாரிகள் பலர் இருந்தார்கள். கணித வகுப்பில் நடத்துவது கடைக்கு உதவவில்லை என்று அவர்கள் குறைப்படுகிறார்களாம். உள்ளூர் வியாபாரத்தை வைத்து ஒரு பெரிய கேள்வி போடுங்கள் என்றார். என் வேலையை நிரந்தரமாக்குவது பற்றி அதே கமிட்டி அந்த மாதம்தான் முடிவு செய்யப்போகிறது என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைத்தார்.

எரிச்சலோடுதான் வீட்டுக்கு வந்தேன். உள்ளூர் வியாபாரம் வேண்டுமாம், கொடுப்போம் என்று உட்கார்ந்தேன். வரும் வழியில் பஸ் நிற்கும் இடத்துப் பெட்டிக்கடையில் ஒரு அம்மாளிடம் விசாரித்திருந்தேன். கவுளிக்கு நூறு வெற்றிலை என்றாள். கவுளிகளைச் சேர்த்துக் கட்டுவது சுமை என்பது எனக்கே தெரியும். சுமைக்கு எத்தனை கவுளி என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. நூறு இலை ஒரு கவுளி என்றால் நூறு கவுளி ஒரு சுமை. நூறின் வர்க்கம் பத்தாயிரம். கச்சிதமாக இருந்தது, அழகாக இருந்தது, அதனால் உண்மையாகவும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். எண்களோடு மட்டும் பழகினவன் செய்கிற தவறு அது. சந்தைக்குப் பை எடுத்துக்கொண்டு போகிற எவனும் செய்யமாட்டான்.

ஒரு வியாபாரி வெற்றிலையைச் சுமை பன்னிரண்டரை ரூபாய்க்கு வாங்கி, கவுளி இரண்டரை அணா வீதம் விற்கிறான், அவனுக்கு நூற்றுக்கு எத்தனை லாபம் என்பது கேள்வி. அந்த விடையை வைத்து மேலும் மூன்று உட்பிரிவுகள். மொத்தம் பதினாறு மதிப்பெண். பன்னிரண்டரை ரூபாய்க்கு இருநூறு அணா. நூறு கவுளியை விற்றால் இருநூற்றைம்பது அணா. இருபத்தைந்து சதவீதம் லாபம். சுமைக்கு நூறு கவுளி என்று கேள்வியில் நான் எழுதவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை எதற்கு எழுதவேண்டும் என்பது என் நினைப்பு.

விடைத்தாள்களைத் திருத்தினேன். முக்கால்வாசிப் பேர் இருபத்தைந்து என்று எழுதியிருந்தார்கள். வேலூர்க்காரர் முப்பது என்று எழுதியிருந்தார். மேலே சுத்தமாக ஒரு வரி: சுமை ஒன்றுக்கு 104 கவுளி. அதன்படி படிப்படியாகப் போட்டு முப்பது சதவீதத்துக்கு வந்திருந்தார். அந்தப் பக்கத்துப் பையன்கள் இன்னும் இரண்டு பேரும் அதே நூற்று நான்கை எழுதியிருந்தார்கள். மூன்று பேர் தனித்தனியாக ஒரே எண்ணைச் சொன்னால் அந்த எண்ணில் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்படுவதுதான் கணிதம் படித்தவனுக்கு அழகு. நான் மூன்று பேரும் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டேன். 104-ஐச் சிவப்பு மையால் சுழித்து, பக்கத்தில் 100 என்று எழுதினேன். அடிப்படையே தவறு என்பதால் நாலு பிரிவுக்கும் சுழி. மற்ற இரண்டு பேரும் வேறு கேள்விகளில் தேறிவிட்டார்கள். வேலூர்க்காரருக்கு இருபத்தொன்பது வந்தது. தேற முப்பத்தைந்து வேண்டும்.

வெள்ளிக்கிழமை வகுப்பில், பார்த்துவிட்டுத் திருப்பித் தரவேண்டும் என்று சொல்லித் தாள்களைக் கொடுத்தேன். அவர் தம்முடையதை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார்.

“ஏனுங்க சார், சுமைக்கு நூத்தி நாலு கவுளிதானுங்களே.”

“பத்தாயிரம் இலை ஒரு சுமை. நூறு கவுளி.”

“நூறுன்னு கேள்வியில இல்லீங்களே சார். அதனாலதான் எங்க பக்கத்துக் கணக்க எழுதினேனுங்க.”

“இதுகூடத் தெரியாமல்தான் கொடிக்கால் வைத்திருக்கிறீர்களா?” என்றேன்.

முதலில் சிரித்தவன் அதே வேலூரைச் சேர்ந்த வெற்றிலை மண்டிக்காரரின் மகன். மனக்கணக்கில் புலி. முன் பெஞ்சுக்காரன், என் கேள்விக்கு இருபத்தைந்து சதவீதம் என்று அழகாக விடை எழுதியிருந்தவன். அவன் சிரித்ததும் வகுப்பே சிரித்தது. வேலூர்க்காரர் தாளை மறுபடி பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. எங்கே தவறு என்று தேடுகிற முகமாக இருந்தது. “சரிங்க சார்” என்று உட்கார்ந்தார். அன்றைக்கு எனக்குத் திருப்தியாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பத் திருப்தியாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் மண்டிக்காரர் மகன் குகையில் எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தான். கையில் ஒரு சீப்புப் பழம், வாழைப்பட்டையில் கட்டின வெற்றிலை. பரீட்சையில் தேறினதற்கு அப்பா கொடுத்தனுப்பினார் என்றான். என் அப்பாவுக்கு வணக்கம் சொன்னான், தங்கைகளை விசாரித்தான், தறியைப் பார்த்து ‘நல்ல சரக்குங்க’ என்றான். போகும்போது வாசலில் நின்று குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“அந்த வெத்தலக் கணக்குங்க சார். எங்க மண்டியிலயும் சுமைக்கு நூத்தி நாலுதானுங்க. எல்லா மண்டியிலயும் அப்படித்தான்.”

“அப்புறம் நீ எப்படி நூறு என்று எழுதினாய்?”

“நீங்க நூறுன்னு நெனச்சுத்தானுங்க போட்டிருப்பீங்க. நூறுன்னு வெச்சாத்தான் கவுளி அசல் ரெண்டணான்னு முழுசா வந்துச்சு, நூத்தி நாலுன்னு வெச்சா அது பின்னமா வருது. வாத்தியார் பின்னம் வர்ற மாதிரி கணக்குப் போட மாட்டாருன்னு நூறே போட்டுட்டேனுங்க.” கொஞ்சம் சிரித்தான். “நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க சார். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அதுவரை வியாபாரம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். சரக்கின் உண்மை என்ன என்பது வேறு, வாங்குகிறவன் என்ன கேட்கிறான் என்பது வேறு. அவன் நான் கேட்டதைக் கொடுத்து மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டான். என் தவறையும் மடியில் முடிந்துகொண்டு போனான்.

அவன் பொய் சொல்லியிருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்தேன். நாமக்கல்லில் இறங்கி வேறு பஸ் மாறி வேலூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. வெற்றிலை வரும் இடத்தை விசாரித்துக்கொண்டு போனேன். அங்கே முதலில் கண்ணில் பட்டவர் அவரேதான். ஞாயிறு என்று ஊருக்கு வந்தவர், முண்டாசு கட்டிக்கொண்டு, தலையிலிருந்த இலைக்கட்டை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்த விதத்தை நான் இன்றுவரை மறக்க முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

“வாங்க சார், வாங்க. இவ்வளவு தூரம் நீங்களே வந்தீங்களா?”

நான் எதற்கு வந்தேன் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது, அல்லது தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். இளநீர் வெட்டச் சொன்னார். பிறகு, கவுளிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஆளிடம், “சாருக்குக் கேக்கற மாதிரி சத்தமா எண்ணு சாமி” என்றார்.

அந்த ஆள் எண்ணினான். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு. நிற்கவில்லை. நூற்றி ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அதற்குப் பிறகுதான் கயிறு போட்டான். பக்கத்துக் குவியலிலும் அப்படித்தான் எண்ணினார்கள். அதற்கடுத்த குவியலிலும் அப்படித்தான்.

“வழியில கெட்டுப்போறதுக்குன்னு எந்தக் காலத்துலயோ நாலு கவுளி மேல வெச்சாங்களாமுங்க சார். இப்பக் கெட்டாலும் நாலு, கெடாட்டியும் நாலு. வெல பேசறது என்னமோ நூறக் கணக்கு வெச்சுத்தானுங்க. அந்த நாலு எங்க போகுதுன்னு கேக்கறதுக்குத்தான் இந்தச் சங்கமே” என்றார். வேப்பமரத்தடியில் அவர் முடிக்காமல் விட்ட வாக்கியம் இதுதான். என் கேள்வியில் அந்த நாலு கவுளியை வைத்தால் லாபம் முப்பது, விட்டுவிட்டால் இருபத்தைந்து. அந்த ஊர் வருஷக்கணக்காக இழந்துகொண்டிருந்த அதே நாலு கவுளியைத்தான் நானும் சிவப்பு மையால் அடித்திருந்தேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ‘தவறு என்னுடையது, நாளைக்குத் திருத்திவிடுகிறேன்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இளநீரைக் குடித்துக்கொண்டு நின்றேன். வகுப்பையே அவரைப் பார்த்துச் சிரிக்க வைத்தவன் நான். அவருக்கு முன்னால் அந்த வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை.

பஸ் ஏற்றிவிட வந்தார். ஒரு கவுளி வெற்றிலையை வாழைப்பட்டையில் கட்டிக் கையில் கொடுத்தார். “நாளைக்கு லிஸ்ட் போகுதுங்களா சார்?” என்றார்.

“போகிறது.”

“சரிங்க சார். போயிட்டு வாங்க.” அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்பது என்னை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருப்பார். அவ்வளவு மரியாதை தெரிந்த மனுஷர்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். திங்கட்கிழமை காலை பிரின்சிபால் அறைக்குப் போனேன். நான் திருத்தின அவருடைய விடைத்தாளைக் கையில் வைத்திருந்தேன். அங்கே கமிட்டி அங்கத்தினர் ஒருவர் உட்கார்ந்திருந்தார், செவ்வாய்ப்பேட்டை நூல் வியாபாரி. என்னைப் பார்த்ததும் எழுந்து கைகொடுத்தார்.

“உங்க வெத்தலக் கணக்கப் பாத்தேனுங்க. இத்தன வருசத்துல இப்பத்தான் நம்ம பசங்களுக்கு ஆகற மாதிரி ஒண்ணு போட்டிருக்கீங்க. கமிட்டியில எல்லாருக்கும் காட்டினேன்.”

பிரின்சிபால் சிரித்துக்கொண்டே, அடுத்த மாதம் முதல் என் வேலை நிரந்தரம் என்று முடிவாகிவிட்டதாகச் சொன்னார். உத்தரவு இரண்டொரு நாளில் கையெழுத்தாகும் என்றார். பிறகு சர்வகலாசாலைக்குப் போகவேண்டிய பெயர்ப் பட்டியலை என் பக்கம் நகர்த்தினார். “கணிதத்தில் ஏதாவது மாற்றம் உண்டா?” என்று கேட்டார். ஒழுங்குக்காகக் கேட்கிற கேள்வி.

கையில் இருந்த விடைத்தாளை இரண்டாக மடித்தேன். கண் மங்கின அப்பாவையும் தங்கைகளையும் நினைத்துக்கொண்டதாக வெகுகாலம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அந்த நூல் வியாபாரியின் முகத்தில் இருந்த மதிப்பு போய்விடுமே என்றுதான் நினைத்தேன். யாரை நான் இரண்டு வருஷம் கேவலமாக நினைத்தேனோ அந்த மாதிரி ஆளிடமிருந்து வந்த மதிப்பு.

“ஒன்றுமில்லை” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

வேலூர்க்காரர் பிற்பகல் வந்து அறிவிப்புப் பலகையைப் பார்த்தார். நான் மாடி ஜன்னலில் நின்று அவரைப் பார்த்தேன். பட்டியலை மேலிருந்து கீழே ஒரு தரம் படித்தார், கீழிருந்து மேலே ஒரு தரம் படித்தார். என்னைத் தேடி வரவில்லை. சண்டை போடவில்லை. வந்து நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி, எல்லாம் மறந்திருப்பேன். அறைக்குப் போய் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஊருக்குப் போய்விட்டார் என்று பிறகு சொன்னார்கள்.

சங்கம் வந்தது. செயலாளராக யார் வந்தார் என்று சொல்லவேண்டியதில்லை. அந்த ஊரில் வணிகப் படிப்பில் தேறினவன் அந்த வருஷம் ஒருவன்தான் இருந்தான். மண்டிக்காரர் மகன் மண்டியில் காலையும் சங்கத்தில் மத்தியானமும் உட்கார்ந்தான். சுமைக்கு நூற்று நான்கு கவுளி என்பதில் மாற்றம் ஏதும் இல்லை என்று அவனே ஒரு தரம் என்னிடம் சொன்னான். நல்ல பையன், ஒவ்வொரு பொங்கலுக்கும் வெற்றிலை அனுப்புவான். நான் வேண்டாம் என்று சொன்னதில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பானே.

நிரந்தரமான பிறகு சென்னை, பகா எண்கள் எல்லாம் தானாகவே கழன்று போயின. ஒரு தங்கைக்குக் கல்யாணம் ஆயிற்று, பிறகு இன்னொருத்திக்கு. வெற்றிலைக் கணக்கை மட்டும் நான் விடவில்லை. விட்டால் ஏன் விட்டேன் என்று யாராவது கேட்கலாம். சுமைக்கு நூறு கவுளி என்று கேள்வியில் ஒரு வரி சேர்த்தாலும் ஏன் சேர்த்தேன் என்று கேட்கலாம். ஆகவே ஒரு எழுத்தும் மாற்றாமல் வருஷம் தவறாமல் அதே கேள்வியைப் போட்டேன். கமிட்டிக்கும் அது பிடித்திருந்தது.

யுத்தகாலத்தில் ஒரு வருஷம், நாற்பதுகளின் நடுவில், செலக்‌ஷன் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு தாளில் வெற்றிலைக் கணக்கு மிகச் சுத்தமாகப் போடப்பட்டிருந்தது. சுமை ஒன்றுக்கு 100 கவுளி, லாபம் 25 சதவீதம், ஒவ்வொரு படியும் எழுதி. அந்த எழுத்தை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. மறுநாள் வகுப்பில் தாள்களைக் கொடுக்கும்போது அந்தப் பையனின் கையைப் பார்த்தேன். வலது கட்டைவிரல் நகம் நீளமாக இருந்தது. வகுப்பு முடிந்ததும் நிற்கச் சொன்னேன்.

“எந்த ஊர்?”

“பரமத்தி வேலூருங்க சார்.”

“கொடிக்கால் உண்டா?”

“உண்டுங்க. அண்ணன் பாக்கறாருங்க.”

எந்த அண்ணன் என்று நான் கேட்கவில்லை. “உங்கள் ஊரில் சுமைக்கு எத்தனை கவுளி?” என்றேன்.

தயங்கினான். கதவுப் பக்கம் பார்த்தான். பிறகு உள்ளதைச் சொன்னான்.

“ஊட்டுல நூத்தி நாலுங்க சார். இங்க நூறுங்க.”

“யார் சொன்னது?”

“அண்ணன்தானுங்க சொல்லியுட்டாரு. ‘வெத்தலக் கணக்கு ஒண்ணு கட்டாயம் வரும். வந்துச்சுன்னா ஏன் எதுக்குன்னு கேக்காம நூறுன்னு எழுதிட்டு வந்துரு, நீயாச்சும் பாஸாகோணும்’ன்னாருங்க.”

அவன் கையில் இருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். பதினாறுக்குப் பதினாறு போட்டிருந்தேன். சரி என்று திருப்பிக் கொடுத்தேன்.